காரில் எரிபொருள் மாறிப்போனால்: பங்கிலிருந்து ஒர்க்‌ஷாப் வரை முழு வழிகாட்டி

டீசல் காரில் பெட்ரோல் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் முதல் வேலை, சாவியில் கை வைக்காமல் இருப்பது. டேங்கில் தவறான எரிபொருள் கிடப்பதால் மட்டும் காருக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரவு முழுக்க அப்படியே நின்றாலும் காலையில் இறைத்துவிட்டு ஓட்டலாம். பம்ப் சுழன்று, அந்தக் கலவை என்ஜின் பக்கம் போகும்போதுதான் கெடுதி தொடங்குகிறது. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு லட்சத்தைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த ஒரு செல்ஃபால்தான்.

பங்கில் கிடைக்கும் ஆலோசனையோ வேறு மாதிரி இருக்கும். "ஒண்ணும் ஆகாது சார், மேல ஃபுல்லா டீசல் போட்டு ஓட்டிடுங்க" என்பார் ஒருவர். டூ-டி ஆயில் அரை லிட்டர் கலக்கச் சொல்வார் இன்னொருவர். பழைய அம்பாசடர், சுமோ காலத்து டீசல் என்ஜினுக்கு இது ஓரளவு பொருந்தும். சிஆர்டிஐ, டிடிஐஎஸ், எம்ஹாக், கிரையோடெக் என்று எந்தப் பெயரில் வந்தாலும், இன்று ஓடும் டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாம் காமன் ரெயில் வகை. அதாவது, 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் நிற்கும் டீசல், அங்கிருந்து சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும். அவற்றில் இந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம்

பம்பை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மெஷினில் எத்தனை லிட்டர் காட்டுகிறது என்று போட்டோ எடுங்கள். எந்த நாசில், எந்த எரிபொருள், என்ன நேரம் என்பது தெரியும்படி பில் வாங்குங்கள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், ஊழியர் "கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்பார். எடுக்கக் கூடாது. காரைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும்.

தள்ளுவதற்கு ஸ்டியரிங் லாக் திறக்க வேண்டும். சாவி போடும் காரில் சாவியை ஏசிசி (ACC) என்று எழுதியிருக்கும் முதல் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். அதற்கு அடுத்த 'ஆன்' நிலைக்குப் போனால், செல்ஃப் அடிக்காவிட்டாலும், டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி லைனில் எரிபொருளை ஏற்றிவிடும். பட்டன் ஸ்டார்ட் காரில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒரு முறை அழுத்தினால் பொதுவாக ஏசிசி, இரண்டாவது முறை அழுத்தினால் ஆன். ஒரு முறையோடு நிறுத்துங்கள். சில கார்களில் டிரைவர் கதவைத் திறந்தாலே பம்ப் ஒரு நொடி ஓடும். அதனால் கதவை அடிக்கடி திறந்து மூடவும் வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கார் 'பி'-யில் நின்றால் தள்ள முடியாது. கியர் லிவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்து உள்ளே ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால், ஆன் போடாமலே லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். இந்த வசதி எல்லா மாடலிலும் கிடையாது, காரோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் அடம் பிடித்தால் தள்ளும் முயற்சியை விட்டுவிட்டு, அந்த பம்பை மூடச் சொல்லி ரெக்கவரி வண்டி வரும்வரை காத்திருப்பது நல்லது.

காரை வரிசையிலிருந்து விலக்கி, வெயிலோ சரிவோ இல்லாத இடத்தில் நிறுத்தி, பானெட்டுக்கு அடியில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். வீட்டிலிருந்து வேறு யாராவது வந்து தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடும் வாய்ப்பு இதோடு போய்விடும். டிக்கி மின்சார லாக்கில் திறப்பது என்றால் கழற்றுவதற்கு முன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஏன் டீசல் பம்பைத் தின்கிறது

காமன் ரெயிலில் இரண்டு பம்புகள். டேங்குக்குள் அல்லது டேங்கை ஒட்டி ஒரு லோ-பிரஷர் பம்ப், என்ஜினில் ஒரு ஹை-பிரஷர் பம்ப். இரண்டாவது, டீசலை 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தி ரெயிலுக்கு அனுப்புகிறது. காரின் டயரில் 33 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். இந்த ரெயிலில் நிற்பது 23,000 பிஎஸ்ஐ-க்கு மேல்.

இந்தப் பம்புக்கென்று தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு ஆயில். நம்மூர் பிஎஸ்-6 டீசலின் பிசுபிசுப்பு 40 டிகிரி வெப்பத்தில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும் என்பது தரநிலை. பெட்ரோலுக்கு அது சுமார் அரை சென்டிஸ்டோக்தான். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய படலம் பெட்ரோலில் நிற்காது. பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அதைத் தள்ளும் கேமும் நேரடியாக உரச ஆரம்பிக்கும். உரசலில் மினுமினுப்பான தூள் உதிரும். அது ரெயிலுக்குள் போய், அங்கிருந்து மைக்ரான் கணக்கில் இடைவெளி விட்டுச் செய்த இன்ஜெக்டர்களுக்குள் போய், மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் சில மாதத்தில் புதுப் பம்பும் போவது இதனால்தான். பழைய தூள் டேங்கிலும் லைனிலும் காத்திருக்கிறது.

பழைய மெக்கானிக்கல் பம்புகள் தாங்கியதற்கும் காரணம் இருக்கிறது. இன்லைன் பம்புக்கு என்ஜின் ஆயில் போய்க்கொண்டிருந்தது, அழுத்தமும் இதைவிட மிகக் குறைவு. ரோட்டரி பம்புகள் அப்போதும் டீசலையே நம்பியிருந்தன, ஆனால் இவ்வளவு நுணுக்கமான அளவு அவற்றில் இல்லை. டூ-டி ஆயில் கலந்தால் வழுக்கல் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் பெட்ரோலாகவேதான் இருக்கும்: தாமதமாகப் பற்றும், பிறகு ஒரே அடியாக வெடிக்கும், தட்டல் சத்தத்தோடு பிஸ்டனை அடிக்கும். ஆயில் அதைச் சரிசெய்யாது. அது எரிந்து வரும் சாம்பல் டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டியிலும் போய் அடையும்.

எவ்வளவு கலந்தால் என்ன செய்வது

காமன் ரெயில் டீசல் காருக்கு விடை எளிது: ஒரு லிட்டர் இறங்கினாலும் இறைத்துவிடுங்கள். 50 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டர் என்றால் இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பங்குக்குப் போகும்போது டேங்கில் பெரும்பாலும் ஐந்தாறு லிட்டர்தான் இருக்கும். அதில் ஒரு லிட்டர் பெட்ரோல் பதினைந்து சதவீதம். மேலே டீசல் நிரப்பினாலும் இரண்டும் சீராகக் கலந்ததா, பம்பின் வாய்க்குப் போவது எது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெட்ரோல் காரில் டீசல் இறங்கியிருந்தால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. சாதாரண, அதாவது பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே காற்றுக் குழாயில் தூவும் போர்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினில், முழு டேங்கின் அளவில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள், அதாவது 40 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டருக்குள் என்றால், மீதி இடத்தைப் பெட்ரோலால் நிரப்பி மெதுவாக ஓட்டலாம். கால் டேங்க் தீரும்போதெல்லாம் மறுபடி நிரப்பிக்கொண்டே வந்தால் சரியாகிவிடும். ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்காதீர்கள். டீசல் சேர்ந்த பெட்ரோல் சீக்கிரம் தானாகவே வெடிக்கப் பார்க்கும், ஏற்றத்தில் தட்டல் கேட்கும். டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜின்கள் இந்தத் தட்டலைத் தாங்குவது குறைவு. அவற்றிலும், சாதாரண என்ஜினில் ஒரு லிட்டருக்கு மேல் போயிருந்தாலும், இறைப்பதே நல்லது.

எது எவ்வளவு கலந்தது என்றே தெரியவில்லையா? டேங்கிலிருந்து எடுத்த ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகி, ஏறக்குறைய தடமே இல்லாமல் போகும். டீசல் எண்ணெய்க் கறையாக நிற்கும். கலவையில் நடுவில் உலர்ந்து ஓரத்தில் கறை தங்கும். துல்லியம் வேண்டுமென்றால் எல்லா பங்கிலும் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரும் ஜாடியும் இருக்கும், கேட்டு வாங்கிப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 15 டிகிரிக்குத் திருத்திய கணக்கில், கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று, பெட்ரோல் 720-775, டீசல் ஏறக்குறைய 810-845 என்ற அளவில் நிற்கும். இடையில் ஒரு எண் வந்தால் கலந்திருக்கிறது.

டேங்கை இறைப்பது

இதைப் பங்கின் ஓரத்திலோ வீட்டு கார் ஷெட்டிலோ செய்ய வேண்டாம். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் கூப்பிட்டு ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கயிறு கட்டி இழுப்பது ஆட்டோமேட்டிக் காருக்கு ஆகாது. சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது.

வேலை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும், செய்யப்போகும் மெக்கானிக்குக்கும் இதோ வரிசை.

1. இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். சர்வீஸ் பிட் மேல் நிறுத்தக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே ஒரு சுவிட்ச் பொறி போதும். டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் அந்த மொத்தத்தையும் பெட்ரோல் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். பவுடர் வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. பேட்டரி நெகட்டிவ் கழற்றியாகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். எரிபொருள் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பெட்ரோல் காரில் லைனில் நிற்கும் அழுத்தம் மூன்று நான்கு பார் இருக்கும். கனெக்டரைத் துணி சுற்றிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் பீச்சும்.

3. மூடி வழியாக டியூப் விட்டு எடுப்பது இப்போதைய பல கார்களில் நடக்காது. கவிழ்ந்தால் கசியாமலிருக்க ஃபில்லர் குழாயில் ஒரு வால்வு இருக்கும், டியூப் அதில் முட்டி நிற்கும். குத்தித் தள்ளினால் வால்வு உடையும். பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான்களில் பின் சீட்டின் அடிமெத்தையைத் தூக்கினால், தரையில் ஒரு வட்ட மூடி தெரியும். அதன் கீழ்தான் பம்ப் மாட்யூல். மூடியைச் சுற்றிப் படிந்த மண்ணை முதலில் வேக்குவத்தால் எடுங்கள், திறந்ததும் அதுதான் டேங்குக்குள் விழும். மேலே போட்டிருக்கும் வளையத்தைக் கழற்றி மாட்யூலைத் தூக்கும்போது ஃப்ளோட்டின் கம்பி வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். வளைந்தால் எரிபொருள் மீட்டர் என்றென்றைக்கும் தப்பாகக் காட்டும். ரப்பர் சீலைத் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். பழையது பெட்ரோல் பட்டு உப்பியிருக்கும்.

4. இறைக்க, கையால் இயக்கும் பம்போ காற்றழுத்தத்தில் ஓடும் பம்போ வேண்டும். ட்ரில்லில் மாட்டும் பம்பும் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் பொறி தெறிக்கும், தொடவே கூடாது. வாயால் உறிஞ்சுவது நம்மூரில் இன்னும் நடக்கிறது. ஒரு மடக்கு மூச்சுக்குழலில் போனாலும் நுரையீரலில் வீக்கம் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

5. எடுப்பதை மூடியுள்ள உலோகக் கேனில் பிடியுங்கள். கேனையும் கார் பாடியையும் ஒரு ஒயரால் இணைத்தால் நிலைமின்சாரப் பொறிக்கு வழியில்லை. பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம்.

6. ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள் சிலவற்றில் டேங்க் நடுவில் மேடாகி இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பக்கம் காலியாகிவிட்டதென்று மூடிவிட்டால் மறுபக்கத்தில் பத்துப் பதினைந்து லிட்டர் மிச்சம் நிற்கும். இரண்டாவது மூடியைத் தேடுங்கள்.

7. அடியில் எட்டாமல் நிற்கும் ஒன்றிரண்டு லிட்டரைப் பஞ்சில்லாத துணியால் ஒற்றி எடுங்கள். சரியான எரிபொருள் ஐந்து லிட்டர் ஊற்றி, அலசி, மறுபடி இறையுங்கள். மாட்யூலின் அடியில் உள்ள கிண்ணத்தில் தனியாகக் கொஞ்சம் தங்கும், அதையும் கவிழ்க்க வேண்டும்.

எடுத்த கலவையை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுவது குற்றம். மண்ணெண்ணெய் மாதிரிதானே என்று ஸ்டவ்விலோ, ஜெனரேட்டரிலோ போட்டால் வீடே பற்றும். பழைய ஆயில் வாங்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் ஒர்க்‌ஷாப் மூலம் கொடுப்பதே முறை.

ஸ்டார்ட் செய்யாத காருக்கு அடுத்த வேலை

ஆன் கூடப் போடவில்லை என்றால் டேங்கோடு முடிந்தது. இருந்தாலும் டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ஒரு ஃபில்டரின் விலையை மிச்சம் பிடித்து மன நிம்மதியை விடுவதில் அர்த்தமில்லை. ஆன் போட்டிருந்தால் ஃபில்டருக்கு வரும் லைனைக் கழற்றி, அதில் நிற்பதையும் வெளியே விட வேண்டும்.

புது ஃபில்டரை வெறுமனே மாட்டினால் லைனில் ஏர் பிடிக்கும். ஃபில்டர் தலையில் அமுக்கும் பம்ப் இருந்தால், பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை அமுக்கி, பிறகு இறுக்குங்கள். டேங்குக்குள் மின்பம்ப் உள்ள காரில் ஆன் போட்டுச் சில விநாடி விட்டு ஆஃப் செய்வதை ஏழெட்டு முறை செய்தால் போதும். குறைந்தது பத்துப் பதினைந்து லிட்டர் டீசல் ஊற்றிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். செல்ஃப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடம் விடுங்கள். ஏரோடு ஹை-பிரஷர் பம்ப் வெறுமனே சுற்றுவதும் பெட்ரோலோடு சுற்றுவதும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே வேதனைதான்.

ஓட்டிவிட்டால்

பெரும்பாலும் யாருக்கும் பங்கில் தெரிவதில்லை. லைனிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் இருப்பதால் கார் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நன்றாகவே போகும். பிறகு தட்டல் சத்தம் கூடும், ஆக்சிலேட்டர் மிதித்தால் இழுவை இருக்காது, பின்னால் வெள்ளைப் புகை, என்ஜின் விளக்கு. ஸ்கேனரில் பார்த்தால் பி0087 என்ற பிழைக் குறியீடு வரலாம், ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். பங்கில் நிறைத்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இப்படி நடந்தால் வேறு காரணம் தேடாதீர்கள். இடது ஓரம் ஒதுங்கி ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்ததும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனமாகும் என்பதால் கார் முழுதாக நின்ற பிறகே ஆஃப். மறுபடி ஒரு முறை அடித்துப் பார்க்கலாமே என்ற ஆசையை அடக்குங்கள்.

இந்த நிலையில் டேங்கை இறைத்தால் மட்டும் போதாது. பம்ப் அடிபட்டதா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்கு நல்ல மெக்கானிக் முதலில் செய்வது, பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. காகித மடிப்புகளை விரித்து வெயிலில் சாய்த்தால் தூள் இருந்தால் ஜரிகை போல மின்னும். காந்தம் வைத்தும் பாருங்கள். இரும்புத் தூள் ஒட்டும், அலுமினியத் தூள் ஒட்டாது, அதனால் காந்தம் சுத்தமாக வந்தால் மட்டும் சமாதானமாகிவிடாதீர்கள். ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருப்பதால், தூள் அதில் தெரிகிறதென்றால் அது ரிட்டர்ன் வழியாக டேங்கைச் சுற்றி வந்துவிட்டது என்று பொருள். அதுவே ஃபில்டர் சுத்தமாக இருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பம்பில் இருக்கும் அளவு வால்வைக் கழற்றி அதன் வலையைப் பார்க்க வேண்டும். உண்மை அங்கேதான் தெரியும்.

இரண்டிலும் தூள் இல்லையென்றால் பெரிய ஆபத்திலிருந்து தப்பிவிட்டீர்கள். டேங்க் இறைத்து, அலசி, ஃபில்டர் மாற்றி, ரிட்டர்ன் லைனைக் கேனுக்குள் விட்டு ஒரு லிட்டர் புது டீசல் ஓடி வரும்வரை லோ-பிரஷர் பம்பை ஓடவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யலாம். ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் லீக்-ஆஃப் பரிசோதனை கேளுங்கள்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு அளவுக் குப்பியில் விட்டுச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுவார்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் நல்லது. ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிரம்பினால் அதன் உள்வால்வு தேய்ந்திருக்கிறது. ஓடும் என்ஜினில் ஹை-பிரஷர் குழாயின் நட்டைத் தளர்த்தி 'அடிக்குதா' என்று பார்க்கும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரலாம்.

தூள் இருந்தால் பட்டியல் நீளும்: ஹை-பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், இடையில் உள்ள ஸ்டீல் குழாய்கள், லோ-பிரஷர் பம்ப், ஃபில்டர் எல்லாம் மாற்றி, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். எஸ்டிமேட்டில் பம்ப் மட்டும் போட்டிருந்தால் மற்றதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். ரெயிலும் இன்ஜெக்டரும் டீசல் பம்ப் சென்டரில் டெஸ்ட் பெஞ்ச்சில் ஏற்றிப் பார்த்துத் தேறினால் சேமிக்கலாம். புது இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும், அதை ஸ்கேனர் மூலம் என்ஜினின் கம்ப்யூட்டரான இசியு-வில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் ஐடிலில் நடுங்கும், புகை வரும், "புது இன்ஜெக்டரே சரியில்லை" என்று வீணாக அலைவீர்கள்.

என்ஜின் ஆயிலையும் மறக்கக் கூடாது. சரியாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வந்தால், ஆயிலும் ஆயில் ஃபில்டரும் உடனே மாற்றுங்கள். எல்லாம் முடிந்து 1,000 கிலோமீட்டரில் டீசல் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றி, கழற்றியதையும் அறுத்துப் பாருங்கள்.

பெட்ரோல் காரில் டீசல் போட்டு ஓட்டியிருந்தால்

டீசல் ஸ்பார்க்கில் லேசில் பற்றாது. பிளக்கில் ஈரமான கரி படியும், என்ஜின் மிஸ் அடிக்கும், கருப்பும் சாம்பலுமாகப் புகை வரும், கடைசியில் நின்றுவிடும். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று எச்சரிக்கை. அந்த நிலையில் ஓட்டினால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகும். இந்த வகையில் பெரும்பாலும் வரும் விலை உயர்ந்த சேதம் இதுதான்.

டேங்கை இறைத்தபின், பிளக்குகளை என்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களையும் இக்னிஷன் காயில்களையும் பிரித்துவிட்டு, பிளக் துளைகள் மேல் துணி போட்டு, செல்ஃபைச் சில விநாடி அடித்தால் சிலிண்டரில் நிற்கும் டீசல் வெளியே தெறிக்கும். இதைச் செய்யாமல் பிளக்கை மாட்டி அடித்தால் திரவம் அழுத்தப்பட முடியாமல் கனெக்டிங் ராடு வளைய வாய்ப்பு உண்டு. பிளக்குகளைப் புதிதாகவே போடுங்கள், கரி பிடித்ததைச் சுத்தம் செய்து போட்டால் மறுபடி மிஸ் அடிக்கும். ஆயில் மாற்றுவதும் இங்கே கட்டாயம். ஆயிலில் சேர்ந்த பெட்ரோல் சூட்டில் கொஞ்சம் ஆவியாகும், டீசல் அப்படிப் போகாது. முதல் கால் மணி நேரம் புகையோடு ஓடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

டிஇஎஃப் மாறினால்

எக்ஸ்யூவி700, 2023-க்குப் பிறகு வந்த கிரெட்டா டீசல் போன்றவற்றில் டீசல் மூடிக்குப் பக்கத்திலோ வேறிடத்திலோ நீல மூடி ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது, புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்றும் டிஇஎஃப் என்றும் விற்கும் திரவம்: 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். இதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது பெட்ரோல் ஊற்றுவதைவிட மோசம். டீசலைவிடக் கனமானதால் அடியில் போய் உட்காரும், பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். லைனில் உலர்ந்தால் வெள்ளை உப்பாகப் படிந்து அடைக்கும், உலோகத்தை அரிக்கும். ஒரு டம்ளர் போனாலும் ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். திருப்பி, டிஇஎஃப் டேங்கில் டீசல் விழுந்தாலும் ஓட்டாதீர்கள். அந்தப் பக்கத்துப் பம்பின் ரப்பர்கள் டீசலைத் தாங்காது.

மழைக்காலத்தில் பெட்ரோலோடு தண்ணீர் வந்துவிடுவதும் இதே குடும்பம். இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஒரே பங்கில் பெட்ரோல் போட்ட பல வண்டிகள் அடுத்தடுத்து நின்றுபோனால் சந்தேகம் தண்ணீர்மேல்தான். பங்கின் தொட்டியில் தண்ணீர் கண்டறியும் பேஸ்ட்டைக் குச்சியில் தடவி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்தால் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரியும். அதையும் பத்திரப்படுத்துங்கள்.

செலவு யாருடையது

ஊழியர் கேட்டு, நீங்கள் 'டீசல்' என்று சொல்லி, அவர் பெட்ரோல் போட்டிருந்தால் பொறுப்பு பங்கின்மேல். எதுவும் சொல்லாமல் "ரெண்டாயிரத்துக்குப் போடுங்க" என்றிருந்தால் வழக்கு பலவீனம். எப்படியானாலும் அங்கேயே, அப்போதே செய்ய வேண்டியவை: மேனேஜரிடம் புகார் புத்தகத்தில் எழுதி அதைப் போட்டோ எடுப்பது, அந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேட்பது, பங்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய் நிறுவன சேல்ஸ் ஆபீசரின் எண்ணுக்குப் பேசுவது. பல பங்குகள் இறைக்கும் செலவையும் இழுவைச் செலவையும் பேசித் தந்துவிடுகின்றன. "சாயங்காலம் வாங்க பாத்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்குங்கள்.

பணியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இங்கே வாங்கியது ஒரு டேங்க் எரிபொருள்தான். ஒர்க்‌ஷாப்பிலிருந்து 'தவறான எரிபொருளால் ஏற்பட்ட சேதம்' என்று எழுத்தில் அறிக்கை வாங்கி வையுங்கள், கழற்றிய பம்பையும் ஃபில்டரையும் குப்பையில் போட விடாதீர்கள், எடுத்த கலவையில் ஒரு பாட்டிலைச் சீல் வைத்துத் தனியே வையுங்கள்.

இன்சூரன்ஸை அதிகம் நம்ப வேண்டாம். சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பழுது சேராது. என்ஜின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டுவது பெரும்பாலும் வெள்ளநீர் புகுவதற்கும் ஆயில் கசிவுக்கும்தான். சில ரோடு சைடு ஆட்-ஆன்களில் தவறான எரிபொருளுக்கு இழுவை உதவி மட்டும் இருக்கும். கம்பெனி வாரண்டியும் இதை ஏற்காது.

பங்கில் கண் வைக்க வேண்டிய இடங்கள்

பெயர்களே குழப்பும். பாரத் பெட்ரோலியத்தின் 'ஸ்பீட்' பெட்ரோல். ஆனால் எல்லா டீசலின் முறையான பெயரும் ஹை ஸ்பீட் டீசல். 'எக்ஸ்ட்ரா கிரீன்' இந்தியன் ஆயிலின் டீசல், 'டர்போஜெட்' இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டீசல், அதே நிறுவனத்தின் 'பவர்' பெட்ரோல். "ஸ்பீடு போடவா சார்?" என்ற கேள்விக்கு டீசல் கார்க்காரர் "சரி" என்றால் வேலை முடிந்தது. பிராண்டுப் பெயரைச் சொல்லாமல், பெட்ரோல் அல்லது டீசல் என்று சொல்லுங்கள்.

நாசிலின் பருமனையும் நம்ப வேண்டாம். டீசல் நாசில் தடிமனானது, பெட்ரோல் காரின் வாயில் பொதுவாக நுழையாது. மெல்லிய பெட்ரோல் நாசில் டீசல் காரில் தாராளமாகப் போகும், ஆபத்தான திசையில்தான் தடை இல்லை. நாசில் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2019 ஏப்ரலிலிருந்து வரும் புதுக் கார்களின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் ஊழியருக்கு ஒரு அடையாளம்: டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கும் சிஎன்ஜி-க்கும் இளநீலம். ஆனால் ஊழியர் நிற்பது பின்பக்கம். மூடியின் உட்புறத்தில் 'டீசல்' என்று தமிழில் பெரிதாக ஒட்டிவிடுங்கள். செல்ஃப் டிரைவ் வாடகைக் காரும் மச்சானிடம் இரவல் வாங்கிய காரும் என்றால் பங்குக்குள் நுழையும் முன் மூடியைத் திறந்து படித்துவிடுங்கள். வென்யு, சோனெட், நெக்ஸான் எல்லாம் இரண்டு வகையிலும் ஓடுகின்றன.

ஒரே மெஷினில் இரண்டு நாசிலும் தொங்கும் இடத்தில் எல்லோரும் 'ஜீரோ பாருங்க சார்' என்று காட்டும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே லிட்டர் விலை ஓடும். சென்னையில் 2024, 2025-ல் பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டியும் டீசல் தொண்ணூற்றிரண்டை ஒட்டியும் இருந்தன. டீசல் காருக்கு அந்தக் கட்டத்தில் பெட்ரோல் விலை தெரிந்தால், நாசிலின் விசையை அவர் அழுத்தும் முன் கையைக் காட்டி நிறுத்தலாம்.